கவிழாத படகு

எங்கள் போடியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மதுரைக்குப் போய், அங்கிருந்து ராமேசுவரத்துக்கு இன்னொரு பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், பாய்மரப் படகுகளைப் பற்றிய ஆங்கிலப் பத்திரிகைகள் ஒரு கட்டு எங்கள் வீட்டில் இருந்தன. மலைமேல் ஏலத்தோட்டத்துப் பங்களாவில் தங்கிய வெள்ளைக்காரத் தம்பதி விட்டுப் போனவை. அங்கே வேலைக்குப் போன அம்மா கேட்டு வாங்கி வந்தாள். படிக்கிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று பத்திரிகைக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்களாம். அம்மாவைக் கேட்டிருந்தால், தாள் கெட்டியாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பாள். என் நோட்டுகளுக்கு அட்டை போடத்தான் அவ்வளவையும் சுமந்து வந்தாள். எனக்குப் படம் வேண்டும். ஆறாம் வகுப்பில் என் கணக்கு நோட்டில் மட்டும்தான் நீலக் கடல் இருந்தது. அந்தப் பவுசில் கணக்கு வராததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

அப்பாவுக்கு அதில் என்ன வேண்டியிருந்தது என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

அப்பா தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டியவர். அந்த வருஷ மழையில் ஒரு சாயங்காலம், ஏலக்காய் எடுத்து முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வண்டி மலைப்பாதை வளைவில் வழுக்கி உருண்டுவிட்டது. மற்றவர்கள் கை கால் முறிவோடு தப்பினார்கள். அப்பாவின் கூடப் பிறந்த தங்கை, என் அத்தை, பிழைக்கவில்லை. அப்பா இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தார். பார்க்க வந்தவர்களெல்லாம், "நீ என்னப்பா செய்வ? மழை வழுக்கி விட்ருச்சு" என்றார்கள். அப்பா ஒருமுறை மட்டும் அம்மாவிடம், "உடனே கவுறல. பள்ளத்துப் பக்கம் சாஞ்சு, கண்ணு மூடித் தொறக்குற நேரம் அப்புடியே நின்னுச்சு. சத்தம் போட எனக்கு வாயே வரல" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரு நாள் நான் அட்டை போட்டுக்கொண்டிருந்தபோது, "ஆத்தா, அதக் கொண்டா" என்று அப்பா என்னிடம் கை நீட்டினார். படத்தில் ஒரு படகு, இதோ கவிழ்ந்தேன் என்கிற மாதிரி சாய்ந்திருந்தது. அதிலிருந்தவர்கள் மேலே தூக்கிய விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, முதுகை வெளியே தள்ளியிருந்தார்கள். அதற்குப் பிறகு அப்பா அந்தப் பக்கத்தை விடவே இல்லை. சாப்பிடும்போதும் பக்கத்தில் வைத்திருந்தார். "கப்பல் புஸ்தகம் பாத்தா எலும்பு கூடிருமாக்கும்" என்று அம்மா கேலி செய்தாலும், அவர் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. நான் அவருக்குக் கடல் ஆசை வந்துவிட்டதென்று நினைத்தேன். நடக்க ஆரம்பித்ததும் ராமேசுவரம் கூட்டிப் போவார் என்று பள்ளியில் சொல்லியும் விட்டேன்.

"இம்புட்டுச் சாஞ்சும் ஏன் கவுறல? பின்னாடி உக்காந்து ஓட்டுறான் பாரு, வாயத் தொறந்து என்னமோ சொல்றான். என்னன்னு போட்ருக்கு? படிச்சுச் சொல்லு, ஆத்தா" என்றார் ஒரு நாள்.

அப்பா என்னிடம் பாடம் கேட்கிறார்! அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக முட்டி மோதிப் படித்தேன். புரிந்ததும் ஓடி வந்தேன்.

"சாயுறப்ப எல்லாரும் மேல தூக்குற பக்கத்துக்கு வெரசாப் போயிரணுமாம்ப்பா. போனாக் கவுறாதாம். ஓட்டுறவருதான் அதச் சத்தம் போட்டுச் சொல்லணுமாம்."

"சத்தம் போட்டாப் போதுமா?"

"போதும்ப்பா. அது அவரு சோலியாம். இங்கன போட்ருக்கு."

"நல்லாப் படிக்கிற, ஆத்தா" என்று அப்பா என் தலையைத் தடவினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்; இடுப்பு வலி என்று நினைத்தேன்.

அத்தனை பத்திரிகையிலும் அப்பாவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரிதான்: சாய்ந்துவிட்டால் அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்ற வரி. அதற்கு நேர்மாறானதைத்தான் அவர் பெற்ற பிள்ளையின் வாயால் கேட்டார். அது எனக்குப் புரிந்தது வெகு காலம் கழித்துத்தான். அன்றைக்கோ பாராட்டு வாங்கிய சந்தோஷம் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இன்னொரு பத்திரிகையை உருவி எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இதையும் படிச்சுச் சொல்லவாப்பா?" என்று கேட்டேன்.