கொட்டகைக்குப் போன சிமெண்டுப் பாதை

சிமெண்டுப் பாதையைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை முழுக்கக் களிமண். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் வைத்த காலை எடுக்க முடியாது. கொல்லைக் கோடியில் ஓர் ஓலைக் கொட்டகை. வீட்டுக்குத் தூரமான பெண்கள் மூன்று நாளும் அங்கேதான் இருக்க வேண்டும். ஒரு மழையில் அங்கே போகும்போது அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். தீட்டு என்று தூக்கிவிட ஒருவரும் தொடவில்லை. மற்றக் கையை ஊன்றித் தானே எழுந்தாள்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. ரயில்வே குமாஸ்தாவான அப்பா, ஏதோ ஒரு துரை தன் பங்களாக் கொல்லையில் சிமெண்டுத் தளம் போட்டு, அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அதே பைத்தியம். வேப்பமரத்தடியில் ஒரு தளம், பின்வாசலிலிருந்து அதற்கு ஒரு பாதை, கிணற்றுக்கு ஒரு பாதை என்று கயிறு பிடித்துச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். எதையும் கேட்டு வாங்கத் தெரியாத அம்மா அன்றைக்கு வாய் திறந்தாள்.

“ஏங்க, கிணத்தோட நிறுத்தாம கொட்டகை வரைக்கும் கொண்டுபோயிருங்க.”

“அங்க எதுக்குப் பாதை?”

“மழையில அந்தச் சேத்துல ஒருக்கா நடந்து பாருங்க, தெரியும்.”

அப்பா மறுக்கவில்லை. சுண்ணாம்புச் சட்டியை அம்மாவே வாங்கி, முருங்கையைச் சுற்றி அழகாக வளைத்துக் கொட்டகை வாசல் வரை கோடு இழுத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மேலூர்ச் சல்லி வந்து இறங்கியது. தண்ணீர் தேங்காமல் இரு பக்கமும் வழியும்படி கொத்தனார் பாதையின் நடுவைச் சற்று உயர்த்திப் பூசினார். பூச்சு காய்ந்ததும், எங்களோடு இருந்த பெரிய அத்தை, அப்பாவின் அக்கா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“தம்பி, மண்ணுன்னா தீட்டை இழுத்துக்கிடும். சிமெண்டு இழுக்குமா? தூரமானவ இதுல நடந்தா அம்புட்டையும் யாரு கழுவுறது?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு தளத்தில் போட்டிருந்த தன் நாற்காலியைப் பார்த்தார்.

“அக்கா சொல்றதும் சரிதான். அந்த மூணு நாளைக்கு மட்டும் ஓரமா மண்ணுல நடந்துக்கங்க.”

அந்த மூன்று நாளுக்காகத்தானே அம்மா கேட்டாள்.

மழை வந்ததும் பாதையில் விழுந்த தண்ணீரெல்லாம் ஓரத்துக்கு வழிந்தது. முன்னைவிட மோசமான சேறு. தளத்தில் காப்பி குடிக்க வந்த அப்பாவின் சிநேகிதர், அந்த வளைவு யாருடைய யோசனை என்று கேட்டார். “நம்ம யோசனைதான்” என்றார் அப்பா. அன்று அம்மா கொட்டகையில் இருந்தாள். காதில் விழுந்திருக்கும்.

பெரியவளான பிறகு நானும் ஓர் ஐப்பசியில் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்தச் சேற்றில் இறங்கினேன். கணுக்கால் வரை புதைந்தது. அம்மா எனக்குச் சோற்றுத் தட்டு எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். என் மேல் படாமல், ஒரு கை தூரம் தள்ளி, சிமெண்டின் மேல் வந்தாள்.

“பாத்து வா, வழுக்கும்” என்றாள்.

அத்தையைக்கூட மன்னித்துவிட்டேன். அம்மாவின் காலில் அன்று ஒரு பொட்டுச் சேறு இல்லை.