நாளன்னிக்கு எனக்கு முடியாது

இருபத்திரண்டு வருஷமாக நான் கணக்கு டீச்சர். பொய் வயிற்றுவலி எது, நிஜ வயிற்றுவலி எது என்று வகுப்பு வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். பொய்க்காரி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவாள், நிஜமாக வலிப்பவள் பேசாமல் நிற்பாள். செஞ்சியில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் லீவு லெட்டர் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். "அந்த டீச்சர்கிட்ட டிராமா நடக்காதுடி" என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது காதில் விழும்போது உள்ளூர இனிக்கும். பின்னால் நடந்ததெல்லாம் இந்தப் பெருமையால் நடந்தது என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. பள்ளி திறந்த ஜூன் மாதம் வீட்டில் மூன்று பேருக்கும் காய்ச்சல் வந்தது. பஜாரில் உரக்கடை வைத்திருக்கும் என் கணவருக்கு இருமல் விடவில்லை என்று டெஸ்ட் எடுத்தோம். கொரோனா என்று வந்தது. ஊரே கொரோனாவை மறந்துபோயிருந்த சமயம் அது. மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டிலேயே கிடந்தோம். மகளுக்கு இரண்டு நாள் காய்ச்சலும் தொண்டைவலியும், அவ்வளவுதான். மூன்றாம் நாள் தெருவில் சைக்கிள் ஓட்டினாள். எனக்குத்தான் பத்து நாள் இடுப்பு ஒடிந்தது. அதனால் அவளுக்கு வந்தது ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஆகஸ்டில் ஆரம்பித்தது. காலையில் எழ மாட்டாள். பல் தேய்க்கப் போனால் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்பாள், தலை வலிக்கிறது என்பாள். எட்டேழு எவ்வளவு என்று கேட்டால் கணக்கு டீச்சர் மகள் திருதிருவென்று விழித்தாள். உள்ளூரில் இரண்டு டாக்டர்களிடம் காட்டினோம். ரத்தம் நார்மல், தைராய்டு நார்மல், ஈசிஜி நார்மல். ஒரு டானிக் எழுதிக் கொடுத்து, போன் பார்ப்பதைக் குறைக்கச் சொன்னார்கள். எனக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

ஸ்டாஃப் ரூமில் தமிழ் டீச்சர், "ஒரு அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டிம்போய் வாங்க டீச்சர், காத்து கருப்பா இருக்கப் போவுது" என்றார். நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால், போயிருக்கலாம். அங்கே யாரும் அவளைப் பொய்க்காரி என்று சொல்லியிருக்க மாட்டார்கள், பேய் பிடித்திருக்கிறது என்றாவது நம்பியிருப்பார்கள்.

நான் காலண்டரைத்தான் நம்பினேன். லீவு நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஆடுகிறாள், பள்ளி நாளில் படுத்துக்கொள்கிறாள். மூன்று மாதம் குறித்து வைத்தேன், கணக்கு பிசகவே இல்லை. இதை என் கணவரிடம் காட்டியபோது, "புள்ள மூஞ்சியப் பாரு, காலண்டர ஏன் பாக்குற?" என்றார். உரம் விற்கிறவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

ஜனவரியில் காணும் பொங்கல் சனிக்கிழமை வந்தது. பள்ளி திங்கட்கிழமை திறக்கிறது. செஞ்சியில் இருந்தாலும் நாங்கள் கோட்டைக்குப் போவது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான், சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் வருகிற நாள். ராஜகிரி மலையடியில் முதல் படியிலேயே மகள் நின்றுவிட்டாள்.

"அம்மா, நான் ஏறுனா நாளன்னிக்கு எனக்கு முடியாது. இப்பவே சொல்லிட்றேன்."

"இன்னாடி, அட்வான்ஸ் புக்கிங்கா?" என்றேன். "நாளன்னிக்கு ஸ்கூல் தொறக்குது. சீக்கு உனக்கு நோட்டீஸ் குடுத்துட்டா வருது?"

"எப்பவும் அப்டிதாம்மா வருது. அன்னிக்கு ஒண்ணும் பண்ணாது."

"நானும் அவளும் கீழயே குந்திக்கிறோம், நீ போய்ட்டு வா" என்றார் கணவர். நான் விடவில்லை. ஏறினால் அவள் பொய் உடைந்துவிடும், ஏறாவிட்டால் என்ன செய்வதென்று அப்புறம் பார்க்கலாம் என்று கையைப் பிடித்தேன்.

அவள் ஏறினாள். பத்துப் படிக்கு ஒருதரம் நின்று என் முகத்தைப் பார்த்தாள், நான் முறைத்தால் ஏறினாள். பாதிக்கு மேல் எனக்கே மூச்சு வாங்கியது. உச்சிக்கு முன்னால் இருக்கும் பாலத்தைத் தாண்டியதும் காற்று அப்படி அடித்தது. நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். ஐந்து மாதத்தில் நான் அவளைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவளும் சிரித்தாள். புளிசோறு தின்றோம், குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது, போட்டோ எடுத்தோம். "பாத்தியா, முடியுது இல்ல?" என்றேன். "முடியுதும்மா" என்றாள்.

திங்கட்கிழமை காலை அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. சீப்பைக் கையில் கொடுத்தேன், கை கீழே விழுந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. சொன்ன தேதிக்குச் சொன்ன மாதிரி படுத்திருக்கிறாளே, என்ன நெஞ்சழுத்தம்! இழுத்துப்போய் யூனிஃபார்ம் மாட்டி ஸ்கூட்டியில் உட்கார வைத்தேன். வழியெல்லாம் என் முதுகில் சாய்ந்தபடி வந்தாள். நிமிர்ந்து உட்காரச் சொல்லி முழங்கையால் இடித்தேன்.

பிரேயரில் அன்றைக்கு நான்தான் டியூட்டி. கொடியேற்றி முடித்ததும் அவள் வரிசையிலிருந்து, "மிஸ், உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டாள். பள்ளியில் என்னை அவள் மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். அவளை முன்னால் வரச் சொல்லி மைக்கை எடுத்தேன்.

"இவங்க சனிக்கிழமை கோட்டை உச்சி வரைக்கும் ஏறுனவங்க. பிரேயர்ல அஞ்சு நிமிஷம் நிக்க முடியலயாம். எல்லாரும் ஒருதரம் கை தட்டுங்க."

பள்ளியே கை தட்டியது. சின்னப் பிள்ளைகள் நிஜமாகவே பாராட்டுகிறேன் என்று நினைத்துக் குதித்துக் குதித்துத் தட்டின. அவள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கொடிக்கம்பத்தைப் பார்த்தாள். அப்புறம் முகம் குப்புற சிமெண்டில் விழுந்தாள். "போதும், எழுந்திரு" என்றேன், மைக்கிலேயே. முன்பல் பாதி உடைந்து ரத்தம் வந்ததைப் பார்த்த பிறகுதான் என் கால் நகர்ந்தது.

பல்லுக்காகப் பாண்டிச்சேரி போன இடத்தில் அங்கே ஒரு குழந்தை டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். இளம் பெண். ரிப்போர்ட்களை ஓரமாக வைத்துவிட்டு மகளைப் பத்து நிமிஷம் படுக்கவைத்து நாடி பார்த்தார், எழுப்பி நிற்கவைத்துத் திரும்பப் பார்த்தார். நின்றதும் நாடி எகிறியது. வீட்டில் யாருக்காவது கொரோனா வந்ததா என்று என்னிடம் கேட்டார், ஜூனில் வந்ததைச் சொன்னேன். பிறகு அவளிடம், "ஓடியாடுனா எப்பம்மா உனக்கு முடியாம போவுது? அன்னிக்கேவா?" என்றார்.

மகள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல என்னிடம் அனுமதி வேண்டியிருந்தது.

"நாளன்னிக்கு" என்றாள், மெதுவாக.

டாக்டர் தலை நிமிராமல் அதை எழுதிக்கொண்டார். கொரோனா லேசாக வந்துபோன பிள்ளைகளிலும் சிலருக்கு இப்படி மாதக்கணக்கில் இழுக்கும், டெஸ்டில் ஒன்றும் தெரியாது, உடம்பை வருத்தினால் ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் அடித்துப் போடும் என்றார். வற்புறுத்தினால் இன்னும் கீழே போகும். இப்போதைக்கு அரை நாள் பள்ளி, உட்கார நாற்காலி, களைப்பு வருவதற்கு முன்னாலேயே ஓய்வு. "அவ சொல்றத தேதி போட்டு எழுதுங்க டீச்சர். நீங்க நினைக்கிறத எழுத வேணாம்." என் காலண்டர் ஞாபகம் வந்தது. லீவு நாள் ஆட்டத்துக்குத்தான் பள்ளி நாளில் படுத்திருக்கிறாள். எல்லாத் தேதியும் சரியாகக் குறித்திருந்தேன், ஒரு தேதியைக்கூட இரண்டு நாள் பின்னால் தள்ளிப் பார்க்கவில்லை. பதினொரு வயசுப் பிள்ளை அதைத் தானாகக் கண்டுபிடித்து என்னிடம் வந்து சொல்லியும் இருக்கிறது.

நாற்காலி கேட்டு ஹெட்மிஸ்ட்ரஸிடம் போனேன். அவர் டாக்டர் சீட்டை இரண்டு தரம் படித்தார். "நீங்கதானே டீச்சர் அன்னிக்குக் கை தட்டச் சொன்னீங்க?" என்றார். நாற்காலி கொடுத்துவிட்டார். ஆனால் பிரேயரில் அவள் அதில் உட்காரும்போதெல்லாம் பின் வரிசையிலிருந்து இரண்டு கைதட்டல் கேட்கும். "கோட்டை" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். தட்டியவளைப் பிடித்து அறையக் கை ஓங்கினேன். "நீங்க தட்டச் சொன்னா மட்டும் சரியா மிஸ்?" என்று அந்தப் பெண் வாய்விட்டுக் கேட்கவில்லை, பார்வையில் கேட்டாள். கையை இறக்கிக்கொண்டேன்.

இப்போது மகள் மதியம் வரை தாங்குகிறாள். சில வாரம் அதுவும் இல்லை. எட்டாம் வாய்ப்பாடு திரும்ப வந்துவிட்டது. உடைந்த பல்லுக்குக் கேப் போட்டாயிற்று, கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை வல்லத்தில் என் நாத்தனார் வீட்டில் காதுகுத்து. பாட்டுப் போட்டதும் இவளும் பிள்ளைகளோடு அரை மணி நேரம் ஆடிவிட்டாள். தடுக்க எனக்கு மனசு வரவில்லை. திங்கட்கிழமை பரீட்சை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளிடம், எவ்வளவு பதமாகக் கேட்க முடியுமோ அவ்வளவு பதமாகக் கேட்டேன்.

"நாளன்னிக்கு முடியாம போகுமாடி? இப்பவே லீவு சொல்லிடட்டுமா?"

அவள் திரும்பி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், அன்றைக்குப் பத்துப் படிக்கு ஒருதரம் பார்த்தாளே, அதே பார்வை.

"உனக்கு எதும்மா வசதி? முடியும்னு சொல்லவா, முடியாதுன்னு சொல்லவா?" என்றாள்.

குத்திக் காட்டியிருந்தால் பரவாயில்லை, திட்டித் தீர்த்திருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். கேட்டுவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.