பிரபு வீட்டுப் பழக்கிண்ணம்

காலை ஏழு ஐம்பது. நிலவறையின் விளக்கைப் போட்டதும் முதலில் தெரிந்தது பச்சைத் துணியின் மேல் இருந்த அந்த மஞ்சள் கிண்ணம். 2009ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதம். மத்திய லண்டனில் ஓர் ஏல நிறுவனத்தில் பழைய வெள்ளிப் பாத்திரங்களைத் தூக்கி வைப்பது எங்கள் வேலை. முந்திய காலத்தில் ஒரு பிரபு குடும்பத்துக்காகச் செய்த கிண்ணம் அது. வெள்ளியின் மேல் பொன்முலாம், விளிம்பில் திராட்சைக் கொடி, நடுவில் குடும்பச் சின்னம். பழச்சாறு பட்டால் வெள்ளி கறுக்கும், பொன் கறுக்காது, அதனால்தான் பழம் வைக்கும் பாத்திரத்துக்கு முலாம் என்று பொறுப்பாளர் விளக்கினார். நான் அதை என்னுடன் வேலை செய்த அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். அண்ணை கிண்ணத்தைச் சுற்றிவந்து பார்த்தார்.

"உதுக்குள்ள வைச்சாலும் புளி மாங்காய் புளிக்கும்தானே தம்பி."

அண்ணை எனக்கு உறவில்லை. வேலையிடத்தில் நாங்கள் இருவர்தான் தமிழர். என்னைவிட மூத்தவர் என்பதால் அப்படி அழைத்தேன். மனோர் பார்க்கில் ஓர் அறையில் தனியாக இருந்தார். மனைவியும் மகளும் வன்னியில், சண்டைக்குள் அகப்பட்டிருந்தார்கள். பல வாரங்களாக ஒரு தகவலும் இல்லை. போரை நிறுத்தச் சொல்லி எங்கள் ஆட்கள் லண்டன் நாடாளுமன்றத்துக்கு முன் கூடிநின்ற நாட்கள் அவை. அவர் போகவில்லை. அந்தச் சத்தத்தில் போன் அடித்தால் கேட்காது என்றார். வேலை நேரத்தில் கைபேசியைப் பெட்டகத்தில் பூட்டிவைக்க வேண்டும் என்பது விதி. தேநீர் இடைவேளையில் பெட்டகத்தைத் திறந்து, கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு பாண் தின்பார். மணி அடித்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. பாத்திரத்தை இரண்டு கைகளாலும் அடியில் தாங்கிக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் பிடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகே விட வேண்டும். எங்களுக்குள் கொடுக்கும்போது அண்ணை ஒரு நாளும் தவறியதில்லை.

அன்று பொருட்களைப் பார்வையிட வந்தவர்களில் ஊன்றுகோலுடன் ஒரு மூதாட்டி இருந்தார். அந்தப் பிரபு வீட்டில் பிறந்தவர் என்றார்கள். கிண்ணத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க விரும்பினார். அண்ணை அதை எடுத்துச் சென்று குனிந்தார். பெரியவர்களுக்கு நாங்கள் இடது கையால் எதையும் நீட்டுவதில்லை. அண்ணையின் இடது கை தானாகப் பின்வாங்கி வலது முழங்கையைத் தொட்டது. வெற்றிலைத் தட்டு கொடுக்கும் அதே பாவனை. வெற்றிலைத் தட்டுக்கு அந்தப் பாரம் இல்லை. மூதாட்டியின் விரல்கள் மூடுவதற்குள் கிண்ணம் மேசை விளிம்பில் பட்டுத் தரையில் விழுந்தது. திராட்சைக் கொடி ஒரு பக்கம் நசுங்கியது. முதலில் மன்னிப்புக் கேட்டவர் அந்த மூதாட்டி. பொறுப்பாளர் குரல் உயர்த்தவில்லை. அண்ணையை வீட்டுக்குப் போகச் சொன்னார், இனி வர வேண்டாம் என்றார்.

அண்ணை கையுறைகளைக் கழற்றினார். "நான் மரியாதையாத்தானே குடுத்தனான்?" என்று என்னிடம் கேட்டார். அதை ஆங்கிலத்தில் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. இப்போதும் பெரியவர் யாருக்காவது ஒரு கோப்பைத் தேநீர் நீட்டும்போது என் இடது கை எங்கே போகிறது என்று பார்க்கிறேன்.

வேலை முடிந்து ரெய்னர்ஸ் லேன் ரயிலைப் பிடிக்க நடந்துகொண்டிருந்தபோது அண்ணையே அழைத்தார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், மேல்தட்டில் இருந்தபோது மணி அடித்ததாம். வவுனியாவில் ஒரு முகாமிலிருந்து மனைவி. ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. வேலையில் இருந்திருந்தால் அது பெட்டகத்துக்குள் அடித்து ஓய்ந்திருக்கும்.

"வேலை போனதும் நல்லதுக்குத்தான் தம்பி. மனிசி உயிரோட இருக்கிறா."

மகளைப் பற்றிக் கேட்டேன்.

"நான் கேக்கேல்லை. அவவும் சொல்லேல்லை."

மறுநாள் காலை அந்த எண்ணுக்கு அவர் திருப்பி அழைத்தார். பேசியவர் முகாமுக்குச் சாமான் ஏற்றிப்போகும் வான் சாரதி. தன் போனை வாங்கிப் பேசிய பெண்கள் நிறையப் பேர் என்றும், யார் யார் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.