அக்கா போட்டுப் பார்த்த மரச்சப்பாத்து

1. அத்தான் அக்காவின் வலது காலை மிதித்தார்.
2. பலகையில் சுத்தியல் விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.
3. அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி ஒன்றைச் சொன்னாள்.
4. அத்தான் அவளின் கன்னத்தில் அறைந்து, பின்னலைப் பிடித்து இழுத்தார்.
5. அக்கா அவரின் முழங்காலுக்குக் கீழே இரண்டு தரம் உதைத்தாள். அவர் விழுந்தார்.
6. விழுந்தவரை இன்னொரு தரம் உதைத்தாள்.

பொலிசுக்கு இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். நான் இயந்திரப் பொறியியலாளர். விபத்து அறிக்கை எழுதிப் பழகிய கை.

மிட்சம் என்ற ஊரின் ட்ராம் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் ஒல்லாந்துக்காரர் ஒருவர் மரச்சப்பாத்து செய்து காட்டுகிறார். அக்காவின் பிறந்தநாளுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருந்தேன். அத்தானும் வந்தார். அவளைத் தனியே எங்கும் விடமாட்டார்.

அந்த மனிதர் நீளக் கத்தியின் நுனியை மேசையில் இருந்த இரும்பு வளையத்தில் கொளுவி, பிடியை அமத்தினார். பச்சை மரம் இறைச்சி மாதிரி வெட்டுப்பட்டது. பிறகு வளைந்த உளியை உள்ளே விட்டுத் திருகினார். குடல் குடலாகச் சீவல் வந்து விழுந்தது. காய்ந்த சோடிகளை எங்களுக்குப் போட்டுப் பார்க்கத் தந்தார்; அக்கா ஒன்றைப் போட்டுக்கொண்டாள். மரச்சப்பாத்து போட்ட தன் காலின் மேல் சுத்தியலால் ஓங்கி அடித்து, "விரலுக்கு ஒன்றும் ஆகாது" என்று சிரித்தார்.

அக்காவின் வலது பெருவிரல் நகம் மூன்று வருடமாகக் கறுப்பு. கேட்டால், "கடையிலை பெட்டி விழுந்தது" என்பாள். மூன்று வருடமும் ஒரே விரலில் பெட்டி விழாது. ஆனால் என்னிடம் ஆதாரம் இருக்கவில்லை.

அக்கா என்ன மரம் என்று கேட்டாள். பொப்ளர் என்றார். எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்டாள். அத்தான் சிரித்த முகத்தோடு அவளை நெருங்கி நின்று, "கதைச்சது காணும், வாயை மூடு" என்றார்.

பிறகு அந்தச் சத்தம். எல்லோரும் திரும்பினார்கள்.

கலியாண வீட்டு மேசைக்குக் கீழே, கோயில் வரிசையில், சனத்துக்கு முன்னால் அவளின் வாயை மூட அவர் வைத்திருந்த வழி அது. இந்த முறை அவரின் காலுக்கும் அவளின் காலுக்கும் நடுவில் மரம் இருந்தது.

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். நோகவில்லை. "இவர் என் காலை மிதித்தார். எப்போதும் மிதிப்பார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அறை விழுந்ததும் உதடு வெடித்து, இரத்தம் சீவல்களில் தெறித்தது. ஒல்லாந்துக்காரர் முதல் வேலையாகக் கத்தியை வளையத்திலிருந்து கழற்றித் தூரக் கொண்டுபோனார். இரண்டாவது உதையில் ஏதோ முறிந்தது. பரிசோதனைக் கூடத்தில் மரச்சட்டம் முறியும்போது வரும் அதே சத்தம்.

"விசரி! பிடியுங்கோ இவளை!" என்று அத்தான் நிலத்தில் கிடந்து கத்தினார்.

நான் கையெட்டும் தூரத்தில் நின்றேன். மூன்றாவது உதையைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

அன்று பின்னேரம் எழுதும்போது அக்காவிடம் கேட்டேன்.

"ஆறாவதை எழுதத்தான் வேணுமோ?"

"எழுதடி. மூண்டும் நான்தான் உதைச்சனான். ஒண்டைக் குறைச்சால் மற்றதையும் நம்பமாட்டினம்."

"அவர் இவ்வளவு காலமும் மிதிச்சது?"

"அதுக்கு உன்ர தாள் காணாது."

அத்தானின் கால் மாவுக்கட்டில் இருக்கிறது. சப்பாத்துச் சோடி பொலிசிடம் இருக்கிறது. அக்கா ஸ்ட்ரெதத்தில் என் வீட்டில் என்னோடு இருக்கிறாள்; திரும்பிப் போகமாட்டேன் என்கிறாள். விசாரணை அத்தான், அக்கா இருவர் மீதும் நடக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.