வெள்ளிக்கிழமைப் பொட்டலம்

இஸ்மாயில் பாய் இறந்த செய்தியை வேலூரில் ஆம்பூர் பஸ் கண்டக்டர் ஒருவர் சொன்னார். "பாய் போய்ட்டாரு சார்."

"எந்த ஊர்ல?" என்றேன்.

"இன்னா சார், வீட்லதான்."

அவரை அறிந்தவர்களுக்கு என் கேள்வி புரியும். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் தரம் பிரிப்பவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே தோலின் தரம் சொல்வார். வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. அன்று காலை செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்துடன் ரயிலேறுவார். ஒரு வாரம் காட்பாடி, ஒரு வாரம் பெங்களூர். இரவுக்குள் திரும்பிவிடுவார். "காலைல டீ இங்க, மதியம் சோறு பெங்களூர்ல, தூக்கம் வீட்ல. இந்த வசதி வேற எந்த ஊர்ல இருக்குது?" என்பார்.

அப்போது சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலாளியின் தோல் மாதிரிகளை அவர் வெளியூர்த் தரகர்களிடம் காட்டுவதாக ஊரில் பேச்சு. மெய்யென்றால் வேலை போய்விடும். செய்தி சேகரிக்க அதே ரயில்களில் அலையும் என்னிடம் முதலாளி சொன்னார்: "நீங்க கொஞ்சம் பாருங்க சார். எனக்கு மனசு ஒப்பல."

முதல் வெள்ளி, பெங்களூர் போகும் வழியில் ஜோலார்பேட்டை வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். இறங்கியதும் வெயிட்டிங் ரூமுக்குள் போனார். வெளியே வந்தபோது தட்டையான பொட்டலம் உப்பியிருந்தது. பார்த்ததை முதலாளியிடம் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அடுத்த வெள்ளி காட்பாடி. வெயிட்டிங் ரூம் வாசலில் பாய் திரும்பி, "உள்ள வாங்க சார், வந்து பாத்துடுங்க" என்றார். பொட்டலத்தில் இருந்தது, அவர் போட்டிருந்த மாதிரியே இன்னொரு சட்டை, வெளுத்து மடித்தது.

"வீட்லயே போட்டா, ஸ்டேஷன் வர்றதுக்குள்ள தோல் நாத்தம் ஏறிடுது. வெளியூர் பள்ளிவாசல்ல தொழுகைக்கு நின்னா பக்கத்து ஆளு மூக்கைச் சுளிக்கறான். அதான் இங்க மாத்திக்கறேன். கழட்டினத சுருட்டி இதுலயே வெச்சுக்குவேன்."

"நான் பின்னால வர்றது எப்படித் தெரிஞ்சுது?"

சிரித்தார். "ரயில்ல என் பக்கத்துல எவனும் உக்கார மாட்டான் சார். நீங்க ரெண்டு வாரமா உக்கார்றீங்க."

அன்றே முதலாளியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "சட்டை மாத்தறதுக்கு ஒருத்தன் காட்பாடி வரைக்கும் போவானா? நீங்களும் அவனுக்கு தோஸ்த் ஆயிட்டீங்களா?" நான் முதலில் சொன்ன உப்பிய பொட்டலம்தான் அவர் மனதில் நின்றது. அந்த மாதமே பாயின் இடத்துக்கு வேறு ஆள் வந்தார்.

பாய் வாணியம்பாடியில் வேலை தேடிக்கொண்டார். பிளாட்பாரத்தில் பார்த்தபோது நான் தலை குனிந்தேன். "ரயில் இருக்குது சார், தினம் போய் வரலாம். பேஜார் பண்ணிக்காதீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அதையும் அன்று நான் முழுதாக நம்பவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சிய பழக்கம் ஒன்றுண்டு. ரயிலில் யாரையாவது விட்டு மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்திருந்தால், அவர் பக்கத்தில் போய் உட்காருகிறேன். அந்த ஆள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார். பார்க்கட்டும், அது நியாயம்தான்.