நான்காவது க

ஐம்பது வயதில் போன் வழியாகச் சமஸ்கிருத வகுப்பில் சேர்ந்தேன். தமிழில் க ஒன்றுதான்; அங்கே நான்கு. நான்காவதை நான் சொன்னால் மூன்றாவதாகவே கேட்கிறது என்றார் ஆசிரியை.

மறுநாள் பட்டு நூல் சுற்றியபடியே அதைச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து ராட்டையில் இருந்த பெண், "இன்னாண்ணா, காலைல இருந்து இருமிகினே இருக்கீங்க?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் வீட்டில் உருது பேசுவார்கள்.

"எங்க பாஷைல வீடுன்ற வார்த்தையே அந்த எழுத்துலதாண்ணா ஆரம்பிக்குது. கைய வாய்க்கு நேரா வெச்சிகினு சொல்லுங்க, காத்து படணும்."

பத்துப் பன்னிரண்டு முறைக்குப் பிறகு உள்ளங்கையில் காற்று பட்டது.

மாலை வகுப்பில் ஆசிரியை, "இப்போ சரியா வருதே, யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார்.

"கூட வேலை செய்றவங்க."

"சமஸ்கிருதம் படிச்சவங்களா?"

"இல்லீங்க, உருது," என்றேன்.

அவர் அடுத்த எழுத்துக்குப் போனார்.