அம்மா வராத பிள்ளைப்பேறு

துணுக்காய்ப் பக்கக் குடியேற்றத்தில் ஒருத்தி பெற்ற பிள்ளையைத் தூக்குவதே இல்லையாம், குளக்கட்டில் ஏதோ பேய் அடித்துவிட்டதாம். ஊரிலிருந்து தன் தாய் எழுதியதை லண்டனில் என்னோடு ஒரே அறையில் இருந்த இளையதம்பி சிரித்தபடி எனக்கு வாசித்துக் காட்டினான். பெயர் இருக்கவில்லை. அங்கே தலைப்பிள்ளை பெற்றிருந்தவள் என் தங்கை இரஞ்சிதம்.

இது 1961இல். இரஞ்சிதம் வாய் மூடாதவள். கிணற்றடியில் சிரித்தால் எங்கள் ஒழுங்கையின் தெருமுனை வரை கேட்கும். யோகலிங்கத்தைக் கட்டி, சாவகச்சேரியிலிருந்து லொறியில் ஆடும் அலுமாரியுமாகப் போனாள். அந்தக் குடியேற்றத்தில் அரசாங்க வயல் காணி கிடைத்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வேறு வீடு இல்லை.

அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, நோயில் கிடந்த அப்பா இறந்தார். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் சொல்லக் கூடாதென்று எல்லோரும் மறைத்தார்கள். அம்மா கேட்டபடி நானும், ‘அப்பா சுகம், இப்போது எழும்பி நடக்கிறார்’ என்று அவளுக்கு எழுதினேன். செத்தவீடு நடந்த வீட்டுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு வரவும், வேறு சாட்டுச் சொல்லி, விடவில்லை. இரண்டு நாள் நோவோடு கிடந்து அந்தக் குடியேற்றக் கொலனியிலேயே பெற்றாள். ஐந்தாம் நாள், விதைநெல் கொண்டுவந்த ஒருவர் முற்றத்தில் நின்று யோகலிங்கத்திடம் துக்கம் விசாரித்தது அவள் காதில் விழுந்தது.

அவள் அழவில்லை. பிள்ளையையும் பார்க்கவில்லை.

மிச்சத்தை யோகலிங்கத்தின் கடிதத்தில்தான் அறிந்தேன். மருத்துவிச்சி கமலாசனி சைக்கிளில் வந்து பாயில் அவளோடு இருந்திருக்கிறா.

“சாப்பிட்டனியோ பிள்ளை?”

“ஓம்.”

“பொய். பிள்ளை பெத்தவளுக்கெண்டு மனிசன் அரைச்ச சரக்குக்கறி சட்டியோடை கிடக்கு. அவ்வளவு மோசமாவே சமைக்கிறார்?”

இரஞ்சிதத்துக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்ததாம். பிறகு சொன்னாள்: “அம்மாவுக்கு என்னிலை கோவம். அப்பான்ரை செத்தவீட்டுக்கு வராதவள் எண்டு. அதுதான் இவனைப் பாக்கவும் வரேல்லை. நான் தூக்கினா இவனுக்கும் ஏதும் நடந்திடும் அக்கா.”

கமலாசனி வெளியே வந்து யோகலிங்கத்தைப் பிடித்தா. “பேயுமில்லை, பிசாசுமில்லை. முதல் பிள்ளை. கண்ணிலை நித்திரை இல்லை. தேப்பனுக்கு அழவும் விடேல்லை, தாயும் பக்கத்திலை இல்லை. ஆர்தான் தாங்குவாள்? பூசாரியிட்டை ஓடாமல் மாமியைக் கூட்டிக்கொண்டு வாரும்.”

அவர் அம்மாவிடம் போனார். அம்மா அழுதிருக்கிறா. “நான் வெள்ளைச்சீலைக்காறி. ஆண்டுத்திவசம் முடியாமல் பச்சைப்பிள்ளையின்ரை முகத்திலை எப்பிடித் தம்பி முழிக்கிறது? அவள் நல்லா இருக்கோணும் எண்டுதான் வராமல் இருக்கிறன்.”

ஒருத்தி கோபமென்று நினைக்கிறாள். மற்றவ அன்பென்று ஒதுங்கி நிற்கிறா. ‘மச்சான், நீர் சொன்னால்தான் மாமி கேட்பா’ என்று கடிதம் முடிந்திருந்தது.

கடிதம் போய்ச் சேர எட்டு நாள். எட்டு நாள் பொறுக்க எனக்குத் தைரியமில்லை. ஊரில் எங்கள் ஒழுங்கை முகப்பில் செல்வநாயகத்தின் கடையில் மட்டும் தொலைபேசி உண்டு; கேட்டால் அம்மாவைக் கூப்பிட்டுத் தருவார். தொலைபேசி இணைப்பகத்தில் அழைப்புப் பதிந்து காத்திருந்தேன். இங்கே காலை; அங்கே மத்தியானம். ‘அந்த வெள்ளைச்சீலையோடையே போங்கோ அம்மா, அவளைக் கட்டிப்பிடிச்சு ஒருக்கா அழ விடுங்கோ’ என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

இணைப்புக் கிடைத்தது. அங்கே மணி அடித்தது. ஏழு, எட்டு, ஒன்பது.

“யாரும் எடுக்கிறார்களில்லை” என்றாள் இணைப்பகப் பெண்.

கடைக்காரர் சோறு தின்னப் போயிருப்பார், இன்னும் கொஞ்சம் அடிக்க விடுங்கள் என்றேன். அது அடித்துக்கொண்டிருந்தது.